கடும் வறுமையிலிருந்து நிலையான வாழ்வாதாரத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடும் வறுமை என்று எந்த நிலையைச் சொல்கிறோம்?

உலக வங்கி 2025 ஜூன் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் என்பதைக் கடும் வறுமைக் கோடாக வைத்துள்ளது. 2015 முதல் 1.90 டாலராகவும் 2022 முதல் 2.15 டாலராகவும் இருந்த கோடு இது. இந்த டாலரைச் சந்தை மாற்று விகிதத்தில் கணக்கிடக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு பொருள் கிடைக்குமோ, அவ்வளவு பொருளை உள்நாட்டில் வாங்க ஆகும் தொகையே அதன் பொருள். இந்தக் கோட்டுக்குக் கீழே 80 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள்.

களப்பணியில் இருப்பவர்களுக்கு இந்த எண் மட்டும் போதாது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் சிறு விவசாயிக்கும், நிலமோ கால்நடையோ சேமிப்போ இல்லாமல், கூலி கிடைக்கும் நாளில் மட்டும் அடுப்பு எரியும் குடும்பத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இந்தப் பக்கம் பேசுவது இரண்டாவது வகைக் குடும்பங்களைப் பற்றி. கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், ஓராண்டுக்குள் பலமுறை இடம்பெயர்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வேலைக்குப் போக முடியாதவர்கள் ஆகியோர் இவர்களிடையே அதிகம். ஊர்க் கூட்டத்தில் இவர்களைப் பார்க்க முடியாது. பல நேரங்களில் அரசுப் பட்டியலிலும் இவர்கள் பெயர் இருக்காது.

இவர்கள் கடுமையாக உழைக்கிறார்கள். பிறகு ஏன் மேலே வர முடிவதில்லை?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே எந்த உதவியும் வடிவம் பெறும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நெடுங்காலமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டு வந்தன. இவர்களிடம் திறனோ முனைப்போ குறைவு என்பது ஒன்று. இவர்களிடம் எல்லாம் இருக்கிறது, தொடக்க முதல் மட்டுமே இல்லை என்பது மற்றொன்று. முதல் விளக்கம் சரியென்றால், ஒருமுறை சொத்துக் கொடுத்தாலும் சில ஆண்டுகளில் அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வங்கதேசத்தில் கிடைத்தது. அங்குள்ள பிராக் என்ற தொண்டு அமைப்பின் திட்டத்தில் கால்நடை பெற்ற பரம ஏழைப் பெண்களின் குடும்பங்களைப் பொருளியலாளர்கள் 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். அதில் ஒரு வாசல் தெரிந்தது. கையிலிருந்த சொத்தும் கிடைத்த சொத்தும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய குடும்பங்கள் ஆண்டுதோறும் மேலும் சேர்த்தன. அந்த அளவை எட்டாதவர்கள் மெல்லக் கீழே சரிந்தார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பில்தான் சொத்து கிடைத்தது. ஆகவே வேறுபாடு மனிதர்களின் இயல்பைவிட, அவர்கள் நின்ற இடத்தைச் சார்ந்ததாக இருந்தது.

ஏன் அப்படி ஒரு வாசல்? ஒரு மாட்டை வைத்துப் பிழைக்க மாடு மட்டும் போதாது. கொட்டகை வேண்டும், தீவனம் வேண்டும், பாலை எடுத்துச் செல்ல வழி வேண்டும், மாடு கறவை வற்றும் மாதங்களைத் தாண்ட வேறு ஏதாவது வேண்டும். இவை பாதி இருந்தால் பாதி வருமானம் வரும் என்று எண்ணுவது தவறு. பல நேரங்களில் வருமானமே வராது. அத்துடன், இவர்கள் வாழ்க்கையில் ஆபத்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டை விற்க வேண்டியிருக்கும். விற்ற ஆட்டை மறுபடி வாங்க ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டுக்குள் இன்னொரு செலவு வந்து நிற்கும்.

வருமானத்தைத் தொடங்கிவைப்பது இந்த வேலையின் எளிய பகுதி. முதல் அடி விழும்போது அந்த வருமானம் கரைந்துபோகாமல் காப்பதுதான் கடினமான பகுதி என்பது எங்கள் உறுதியான கருத்து. இனி வரும் பதில்கள் அனைத்தும் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்திருக்கும்.

சிறுகடன் கொடுத்தால் போதாதா?

வங்கதேசத்தில் 1983இல் முகம்மது யூனுஸ் நிறுவிய கிராமீன் வங்கிக்குப் பிறகு சிறுகடன் உலகெங்கும் பரவியது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. கந்துவட்டிக்கு மாற்றாகப் பல குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தியா, மங்கோலியா, மொராக்கோ, மெக்சிகோ, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய 6 நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளியானபோது, சிறுகடனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக மாறவில்லை என்பது தெளிவாயிற்று. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிலருக்கு அது கைகொடுத்தது. மற்றவர்களுக்குக் கைச்செலவைச் சமாளிக்கும் வழியாகவே இருந்தது.

பரம ஏழைகளின் நிலை இன்னும் வேறு. கடனை வாங்கிய அடுத்த வாரமே தவணை கட்டத் தொடங்க வேண்டும். சினையாடு குட்டி போடவே 5 மாதம் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் தவணைக்கான பணம் உணவுச் செலவிலிருந்துதான் எடுக்கப்படும். இதை அந்தக் குடும்பங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. அதனால்தான் கடன் குழுவில் சேரும்படி அழைத்தாலும் அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தவணை தவறினால் நம் தலையில் விழும் என்று அஞ்சும் குழு உறுப்பினர்களும் அவர்களைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். சிறுகடனுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் அது படிக்கட்டின் நடுவில் உள்ள படி. தரையில் நிற்பவரின் கால் அதற்கு எட்டாது.

பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம், பல இடங்களில் கொடுக்கவும் வேண்டும். ஏழைகள் கையில் பணம் வந்தால் குடிக்கும் புகைக்கும் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, பண உதவிக்குப் பிறகு மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடவில்லை என்றே 2017இல் முடிவு கூறியது. கென்யாவில் நிபந்தனையின்றி வழங்கப்பட்ட பண உதவியால் குடும்பங்களின் உணவும் சொத்தும் கூடின. அந்தப் பணம் சுற்றுவட்டாரக் கடைகளிலும் தொழில்களிலும் புழங்கியதால், உதவி பெறாத குடும்பங்களுக்கும் பலன் கிடைத்தது.

பணம் கிடைத்தபின் அது தொழிலாக மாறுவதும், அந்தத் தொழில் பத்தாண்டு நிலைப்பதும்தான் இந்தப் பக்கத்தின் அக்கறை. சந்தை அருகில் இருந்து, ஏதாவதொரு தொழில் தெரிந்து, உடல்நலமும் இருக்கும் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தாலே போதும் எனலாம். இவற்றில் எதுவுமே இல்லாத குடும்பத்துக்குப் பணத்துடன் துணையும் வேண்டும்.

ஆடோ மாடோ மட்டும் கொடுக்கும் திட்டங்கள் ஏன் பெரும்பாலும் நிலைப்பதில்லை?

கானா நாட்டில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆடுகள் மட்டும் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்குச் சேமிப்பு வசதி மட்டும். மற்றொரு பிரிவினருக்குச் சொத்து, பயிற்சி, உதவித்தொகை, சேமிப்பு, தொடர் வருகை என எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு. தனித்தனியாகப் பெற்ற பிரிவுகளில் நிலைத்த மாற்றம் தென்படவில்லை. முழுத் தொகுப்பைப் பெற்றவர்களிடம் தென்பட்டது. சேமிப்பு மட்டும் கிடைத்தவரிடம் சேமிக்க வருமானம் இல்லை. ஆடு மட்டும் கிடைத்தவரிடம் அதை விற்காமல் காத்திருக்கும் வசதி இல்லை.

கிராஜுவேஷன் அணுகுமுறை என்பது என்ன? அது எப்படித் தோன்றியது?

பிராக் 1972இல் ஃபசல் ஹசன் அபேத் வங்கதேசத்தில் தொடங்கிய அமைப்பு. 1980களின் நடுவில் அது ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்புடனும் அரசுடனும் சேர்ந்து, இலவச கோதுமை பெற்றுவந்த பெண்களுக்குப் பயிற்சியும் சேமிப்பும் கடனும் தரத் தொடங்கியது. பலர் முன்னேறினார்கள். ஆனால் மிகவும் அடிநிலையில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள் என்பதை அந்த அமைப்பே கண்டறிந்து, 2002இல் அவர்களுக்கென்றே தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. அந்த முறையே கிராஜுவேஷன் அணுகுமுறை, அதாவது கடும் வறுமையிலிருந்து தேறி மேலே வரச் செய்யும் அணுகுமுறை எனப்படுகிறது.

இந்த அணுகுமுறையின் அமைப்பு இதுதான்: தேர்ந்தெடுத்த குடும்பத்துக்குக் கால்நடையோ சிறு வணிகத்துக்கான சரக்கோ இலவசமாகத் தரப்படும். அதை நடத்தப் பயிற்சி தரப்படும். வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு உதவித்தொகை உண்டு. சேமிப்புப் பழக்கமும் அதற்கான இடமும் ஏற்படுத்தப்படும். மருத்துவ உதவி உண்டு. ஏறத்தாழ 24 மாதங்கள் வாரந்தோறும் ஒரு களப்பணியாளர் வீடு தேடி வருவார். ஊர்ப் பெரியவர்களையும் ஏழைக் குடும்பங்களையும் கொண்ட ஒரு கிராமக் குழு, ஆடு காணாமல் போனாலும் நிலத் தகராறு வந்தாலும் தலையிட்டு உதவும். 2006 முதல் 2014 வரை 8 நாடுகளில் 10 முன்னோட்டத் திட்டங்களாக இதைச் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற நாடுகளின் அரசுகள் இதில் ஆர்வம் காட்டத் தொடங்கின.

ஊரில் மிகவும் ஏழை யார் என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் ஊர் மக்களையே கூட்டி, தரையில் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். கோலப்பொடியோ சாம்பலோ கொண்டு தெருக்களை வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை வைப்பார்கள். பிறகு அந்த அட்டைகளை வசதிக்கேற்ப நான்கைந்து குவியல்களாகப் பிரிக்கச் சொல்வார்கள். இந்த நேரத்தில் கூட்டத்தின் பேச்சைக் கவனமாகக் கேட்க வேண்டும். "அந்தம்மா மகன் பட்டணத்திலிருந்து பணம் அனுப்புகிறான்" என்று ஒருவர் சொல்வார். "அவன் அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது" என்று பின்னாலிருந்து ஒரு பெண் திருத்துவார். எந்தக் கேள்வித்தாளாலும் பெற முடியாத தகவல் அது. எல்லா அட்டைகளையும் வைத்து முடித்த பிறகு, வரைபடத்தில் இடம்பெறாத குடிசை ஏதாவது உண்டா என்று களப்பணியாளர் ஊரைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். விடுபட்ட குடிசைகள் பெரும்பாலும் ஊரின் ஓரத்திலோ, ஊரார் ஒதுக்கிவைத்த பகுதியிலோதான் இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று நிலம், கால்நடை, உழைக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை, பள்ளிக்குப் போகாமல் வேலைக்குப் போகும் பிள்ளைகள், வேறு திட்டங்களில் பெறும் உதவி ஆகியவற்றைச் சரிபார்க்கிறார்கள். இறுதிப் பட்டியலை மேலதிகாரி ஒருவர் மறுபடி நேரில் பார்த்து உறுதி செய்வார். இதில் அவசரம் காட்டினால் செல்வாக்குள்ளவர்களின் உறவினர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய கேடு, யாருக்காகத் திட்டம் வகுக்கப்பட்டதோ அவர்கள் வெளியே நிற்பது.

என்ன தொழில் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்?

குடும்பம்தான். திட்டத்தின் பணி, அப்பகுதியில் உண்மையாகவே விற்பனையாகும் சில தொழில்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு காத்திருப்பு, எவ்வளவு ஆபத்து என்பதைத் தெளிவாக முன்வைப்பது. கையில் குழந்தையை வைத்திருக்கும் பெண் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் போக முடியாது. அவளுக்கு வீட்டருகே நடத்தும் சிறு கடையோ கோழிகளோ பொருந்தலாம். ஒரே தொழிலை ஊர் முழுவதற்கும் கொடுத்தால் சந்தையில் விலை விழும், நோய் வந்தால் எல்லாரும் ஒன்றாக விழுவார்கள். முடிந்தவரை ஒரு குடும்பத்துக்கே இரண்டு வருமானங்கள் அமைவது நல்லது: தினமும் சில காசு தரும் ஒன்று, ஓராண்டு கழித்துப் பெருந்தொகை தரும் மற்றொன்று.

இலவச உதவித்தொகை சோம்பேறித்தனத்தை வளர்க்காதா?

வளர்ப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வங்கதேசத் திட்டத்தில் சேர்வதற்கு முன் அந்தப் பெண்கள் செய்துவந்தவை வயல் கூலி வேலையும் வீட்டு வேலையும். அவற்றுக்குப் பருவம் உண்டு. ஆண்டில் பல மாதங்கள் வேலையே கிடைக்காது. கால்நடை வந்தபின் அவர்கள் முன்பைவிட அதிக நாட்கள் உழைத்தார்கள். முன்பு அவர்களுக்குக் குறைவாக இருந்தது வேலை. உழைக்கும் விருப்பம் குறைவாக இருக்கவில்லை.

உதவித்தொகையின் நோக்கம், கொடுத்த ஆட்டை முதல் நெருக்கடியிலேயே விற்காமல் தடுப்பது. அதனால் அது தொழிலிலிருந்து முதல் வருமானம் வரும்வரை மட்டும் நீடித்தால் போதும். எந்த மாதத்தில் நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வாரந்தோறும் வரும் களப்பணியாளர் என்னதான் செய்கிறார்?

திட்டச் செலவில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும் பகுதி என்பதால், நிதியாளர்கள் முதலில் வெட்ட நினைப்பது இதைத்தான். எனவே ஒரு வருகையில் நடப்பதை அருகிலிருந்து சொல்வது பயன்படும்.

களப்பணியாளர் வந்ததும் ஆட்டைப் பார்க்கிறார். கண் இமையை விலக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறார். வெளிறியிருந்தால் குடற்புழு நீக்க மருந்து வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட நாளைச் சரிபார்க்கிறார். குட்டி ஈன்றவுடன் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பதை ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருந்தாலும் நான்காவது முறையும் சொல்கிறார். பிறகு சேமிப்பு ஏட்டைத் திறக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணானால் கோடுகளும் புள்ளிகளும் கொண்டு கணக்கு வைத்துக் காட்டுகிறார். இந்த வாரம் சேமிப்பு ஏன் விழவில்லை என்று கேட்கும்போதுதான் பிள்ளைக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு என்பதோ, கணவன் ஆட்டை விற்கச் சொல்கிறான் என்பதோ வெளியே வரும். அடுத்த வேலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, அல்லது கிராமக் குழுவின் மூலம் கணவனிடம் பேசுவது.

இந்த வருகையால் விளையும் இன்னொன்றை எண்ணில் அளப்பது கடினம். யாரும் மதித்துப் பேசாத ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருவர் வாரந்தோறும் வந்து, பெயர் சொல்லி அழைத்து, அடுத்த மாதத்துக்கான அவளுடைய திட்டத்தைக் கேட்கிறார். நைஜர் நாட்டில் நடந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. பயிற்சியும் சேமிப்புக் குழுவும் அடிப்படையாக இருந்த அத்திட்டத்தில், வாழ்க்கைத் திறன் பயிற்சியையும் ஊராருடன் கூடிய திரையிடல், கலந்துரையாடல் ஆகியவற்றையும் சேர்த்தபோது, செலவிட்ட தொகையோடு ஒப்பிடுகையில் மிக நல்ல பலன் கிடைத்தது. தன்மேல் நம்பிக்கையும் ஊரின் ஆதரவும் வாழ்வாதாரத்தின் பகுதிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த அணுகுமுறை உண்மையில் பலன் தருகிறதா?

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் 10,495 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. திட்டத்தில் சேர்ந்தவர்களையும், குலுக்கல் முறையில் சேராமல் விடப்பட்டவர்களையும் அது ஒப்பிட்டது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் சேர்ந்தவர்களின் உணவு, சொத்து, சேமிப்பு, மனநலம் ஆகியவை மேம்பட்டிருந்தன. 6இல் 5 நாடுகளில் கிடைத்த பலன் செலவைவிட அதிகம் என்று கணக்கிடப்பட்டது. இந்த ஆய்வில் பங்கேற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் சராசரி நுகர்வு கூடியது சுமார் 5 சதவீதம்தான். மேடைப் பேச்சுகளில் வரும் வியத்தகு மாற்றம் அது இல்லை. ஆயினும் அதன் மதிப்பு நீடிப்பில் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களை 10 ஆண்டுகள் வரை தொடர்ந்தபோது, அவர்களுக்கும் சேராதவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் 7ஆம் ஆண்டு வரை வளர்ந்து, அதன்பின்னும் குறையாமல் நின்றது. அதற்குள் பலர் கால்நடையிலிருந்து வேறு சிறுதொழில்களுக்கு நகர்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் வேலைக்குச் சென்று பணம் அனுப்பியதும் வருமானத்தில் சேர்ந்தது. கொடுத்த சொத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதை வைத்து அடுத்த வாய்ப்புக்கு நகர முடிந்ததுதான் வெற்றி.

எங்கே தோற்றது?

தோல்விகளிலிருந்து கற்க வேண்டியது அதிகம் என்பதால் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

ஹோண்டுராஸில் பெரும்பாலான குடும்பங்கள் கோழிகளைத் தேர்ந்தெடுத்தன. பல கோழிகள் நோயில் இறந்தன. 6 நாடுகளில் செலவுக்கேற்ற பலன் கிடைக்காத ஒரே நாடு அதுதான். சொத்து எவ்வளவு எளிதில் அழியும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காவிட்டால், நல்ல பயிற்சியும் நல்ல களப்பணியும் வீணாகிவிடும்.

இரண்டாவது, ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. அங்கே திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கால்நடை வருமானம் வந்தது. ஆனால் அதே காலத்தில் வயல் கூலி உயர்ந்துகொண்டிருந்ததால் திட்டத்தில் சேராதவர்களும் முன்னேறினார்கள். கால்நடையைப் பார்த்துக்கொண்டவர்கள் கூலி வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்றில் கிடைத்தது மற்றொன்றில் கழிந்ததால், இறுதியில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. கூலி வேலை தாராளமாகக் கிடைத்து அதன் விலையும் ஏறும் இடத்தில், சுயதொழிலைத் திணிப்பதைவிட அந்த வேலையை அடைய உதவுவதே பொருத்தமாக இருக்கக்கூடும். திட்டம் தொடங்கும் முன் உள்ளூர் வேலைச் சந்தையைப் படிக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

சொத்தை ஏன் பெரும்பாலும் பெண்கள் பெயரில் கொடுக்கிறார்கள்?

பரம ஏழைக் குடும்பங்களில் பல பெண்களால் தனித்து நடத்தப்படுகின்றன. பெண் கையில் வரும் வருமானம் பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் போகும் வாய்ப்பும் அதிகம். ஆனால் பெயரில் இருப்பது வேறு, கட்டுப்பாட்டில் இருப்பது வேறு. மாடு வளர்ந்து மதிப்புக் கூடியதும் அதை விற்பதா வேண்டாமா என்ற முடிவை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்வது பல நாடுகளில் காணப்படும் வழக்கம். கணவரையும் மாமியாரையும் தொடக்கத்திலிருந்தே உட்கார வைத்துப் பேசாத திட்டம், அந்தப் பெண்ணின் வேலைச்சுமையை மட்டும் கூட்டிவிடும்.

உழைக்க இயலாத முதியோருக்கும் தீவிர நோயாளிகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. அவர்களுக்குத் தேவை நிபந்தனையற்ற ஓய்வூதியமும் மருத்துவமும் உணவுப் பாதுகாப்பும். அவற்றை ஆட்டுக்குட்டியைக் கொண்டு ஈடுகட்ட முயல்வது அநீதி. அதே நேரத்தில், மாற்றுத்திறனாளிகள் என்பதாலேயே யாரையும் "இயலாதவர்" பட்டியலில் தள்ளிவிடவும் கூடாது. ஏற்ற தொழிலும் சிறு மாற்றங்களும் கிடைத்தால் அவர்களில் பலரால் தொழில் நடத்த முடியும்.

இதை அரசுகளால் பெரிய அளவில் செய்ய முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றுகள் உருவாகி வருகின்றன. இந்தியாவில் பீகார் அரசு 2016இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தபின், மதுவையும் கள்ளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களையும் பிற பரம ஏழைக் குடும்பங்களையும் முன்னிட்டு, 2018இல் சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பலம், ஏற்கெனவே ஊர்தோறும் பரவியிருந்த, மாநில அரசின் ஊரக வாழ்வாதார அமைப்பான ஜீவிகாவின் சுயஉதவிக் குழுக்களின் மேல் அது கட்டப்பட்டது. குடும்பங்களை அடையாளம் காண்பதிலும் துணை நிற்பதிலும் அந்தக் குழுப் பெண்களே ஈடுபட்டனர்.

பெரிய அளவுக்குப் போகும்போது முதலில் சிதைவது வார வருகை. ஒரு பணியாளருக்கு 50 குடும்பங்கள் என்றிருந்தது 200 ஆனால், வருகை கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும். செலவைக் குறைக்கக் குழுக் கூட்டங்களாக நடத்தலாம். நைஜரில் அரசுத் திட்டத்தின் வழியே அப்படி நடத்தி நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நெருக்கடி வந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் நேரில் போகும் ஏற்பாட்டை எந்த அளவிலும் கைவிடக் கூடாது.

ஒரு குடும்பம் நிலைபெற்றுவிட்டது என்று எப்படி அறிவது?

24 மாதம் முடிந்தது என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. பெரும்பாலான திட்டங்கள் இப்படிப் பார்க்கின்றன: வருமானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளனவா; ஆண்டு முழுவதும் குறைந்தது இருவேளை உணவு உண்டா; பள்ளி வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா; கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் உண்டா; சேமிப்பு இருக்கிறதா; தொடக்கத்தில் இருந்ததைவிடச் சொத்தின் மதிப்பு கூடியிருக்கிறதா. இவற்றுடன் நாங்கள் ஒரு கேள்வியைச் சேர்ப்போம்: கடந்த ஓராண்டில் நோயோ சாவோ வெள்ளமோ வந்தபோது, உற்பத்தி தரும் சொத்தை விற்காமல் குடும்பம் அதைத் தாண்டியதா? மற்ற எல்லாவற்றிலும் தேறிய ஒரு குடும்பம் இதில் தவறினால், அந்த வீட்டுக்கு இன்னும் சில மாதங்கள் போய்வர வேண்டும்.

சிறிய அமைப்பு ஒன்று இதைத் தொடங்க விரும்பினால் எங்கிருந்து தொடங்கலாம்?

சேமிப்புக் குழுவிலிருந்து தொடங்கலாம். அதற்கு வெளிநிதி அதிகம் தேவையில்லை. 1991இல் நைஜரில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு பெண்களிடையே தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. 15 முதல் 25 பேர் வாரந்தோறும் கூடி, சிறுதொகை சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டு, ஆண்டு முடிவில் வட்டியுடன் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருக்கும்.

குழு நிலைத்தபின், அதில் சேரக்கூட வழியில்லாத குடும்பங்கள் ஊரில் எவை என்று அந்தப் பெண்களிடமே கேட்க வேண்டும். முதலாண்டில் 20 குடும்பங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொத்துக்கு ஆகும் செலவைவிட, உதவித்தொகைக்கும் களப்பணியாளர் சம்பளத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் இரண்டாண்டு நிதி கையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஆடுகளை வாங்கிக் கொடுத்துவிட்டு நிதிக்கு அலைவதைவிட, நிதி சேரும்வரை சேமிப்புக் குழுவை மட்டும் நன்றாக நடத்திக்கொண்டிருப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் நேர்மையான உதவி.